இரண்டாம் கயிறு

செஞ்சிப் பாறைகளில் ஏறிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தை, மாசியில் வர வேண்டும். பங்குனி பிறந்துவிட்டால் பாறையில் கை வைக்க முடியாது, ஐயா, தோசைக்கல்தான். மதராஸ்காரர்களுக்கு இது தெரிவதில்லை. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளைகுட்டிகளோடு பஸ் ஏறி வந்து இறங்குவார்கள். ராஜகிரியில் பாதிப் படி ஏறுவதற்குள் கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்துவிடும். கிடைத்த மண்டபத்து நிழலில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் குறை சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார்கள். இதை நான் ஜெயராமன் சாரிடம் முதல் நாளே சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். நான் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் இன்னொரு மனுஷர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. இன்றைக்கு உங்கள் ஏட்டையா எழுதுவது இரண்டாவது தடவை.

என் பெயர் மரியசெல்வம். வயது முப்பத்தாறு. ஊர் செஞ்சிக்கு ஏழு மைல் வடக்கே, மாதா கோயில் இருக்கிற ஊர். பரம்பரையாகக் கல்லுடைப்பு, கிணறு வெட்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால், எண்பத்தைந்து மாசியில், குருவிப்பாறையிலிருந்து தோமினிக் என்பவர் விழுந்து இறந்தது பற்றிப் பழைய காகிதம் இந்த ஸ்டேஷனில் இருக்கும். விபத்து என்று எழுதி முடித்திருப்பார்கள். முடித்தவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் இடத்தில் நீங்கள் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பீர்கள். ஏனென்றால் தோமினிக் என் தங்கை புருஷன், கயிற்றைப் பிடித்திருந்தவன் நான். எங்கள் ஜனத்தில் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

மேஜை மேல் வைத்திருக்கிறேனே, இந்தக் கயிறு புதுக் கயிறு. நேற்று மத்தியானம் என் வீட்டுக்கு வந்தது. இதனால்தான் இன்று காலை முதல் பஸ்ஸில் ஏறி வந்தேன். எங்கள் ஆட்களுக்குக் கயிறு என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றது தானாக விளங்கும்.

கிணற்றில் இறங்கினாலும் சரி, பாறைச் சரிவில் தொங்கி வெடிக்குழி போட்டாலும் சரி, மேலே கயிறு பிடிக்க ஒரு ஆள் வேண்டும். கல்யாணமான ஆண்பிள்ளைக்கு அவன் பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது. 'பங்காளி புடிச்சா நெலத்தப் பாத்து வுடுவான், மச்சான் புடிச்சா தங்கச்சி தாலியப் பாத்து புடிப்பான்' என்று எங்கள் நைனா சொல்வார். கல்யாணம் பேசி முடிக்கிற அன்றைக்கு மாப்பிள்ளை வெற்றிலை பாக்கோடு ஒரு புதுக் கயிறு கொண்டுவந்து பெண்ணின் அண்ணன் கையில் கொடுப்பான். அண்ணன் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் அவன் உயிருக்கு இவன் பொறுப்பு.

இன்னொன்றும் உண்டு. மச்சான் பிடிக்கிற கயிற்றுக்குத் துணையாக வேறு கயிறு கட்டக் கூடாது. நுனியைக் கல்லிலோ மரத்திலோ முடிந்துவைக்கவும் கூடாது. நுனி மச்சான் மடியில்தான் கிடக்க வேண்டும். இரண்டாவது கயிறு கட்டினால் மச்சானை நம்பவில்லை என்று பொருள். சம்பந்தமே முறிந்துபோகும். அப்படி முறிந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அம்மா போகும்போது லில்லிக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினேழு. நான்தான் அவளுக்குத் தலை வாரிவிட்டேன். அவளுக்கு ஒரு நல்லவனாகப் பார்க்க வேண்டும் என்று மூன்று சம்பந்தங்களைத் தட்டிவிட்டுத் தோமினிக்கைப் பிடித்தேன். நல்லவன்தான். அதை இப்போதும் சொல்கிறேன். குடி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எனக்கு முன்னால் போய் நிற்பான். எட்டாம் வகுப்பு வரை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்பதால் நாலு வார்த்தை இங்கிலீஷும் வரும். சிரிக்கச் சிரிக்கப் பேசுவான்.

எண்பத்து மூன்றில் ஜெயராமன் சார் வந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மதராஸில் ஒரு கம்பெனி வைத்து, ஆபீஸ்காரர்களையும் காலேஜ் பிள்ளைகளையும் லீவு நாளில் மலை ஏற்றவும் ஆற்றில் படகு விடவும் கூட்டிப்போவார். கோட்டைக்கு வெளியே தனியாக நிற்கிறதே குருவிப்பாறை, அது அவருக்குப் பிடித்துப்போனது. கயிற்றில் பழகின உள்ளூர் ஆள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே எங்கள் ஊருக்கு வந்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தோம்.

அவர் முதல் நாள் எங்களுக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்தார். வழவழப்பான காகிதம், கலரில். நடுவில் இந்திய தேசம். உச்சியில் பனிமலை, அதன் மேல் சிவப்புச் சட்டை போட்ட ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். இடது பக்கம் மணல்மேடு, வரிசையாக நாலு ஒட்டகம். நுரை பொங்குகிற ஆற்றில் ரப்பர்ப் படகு. தீவுக் கடலுக்குள் கண்ணாடி மாட்டிக்கொண்டு மீனோடு மீனாக நீந்துகிற ஒரு பெண். கீழே, வலது பக்கம், கட்டைவிரல் அளவுக்கு ஒரு பழுப்புப் பாறை. அதுதான் நாங்கள். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். தோமினிக் படித்துச் சொன்னான்.

"ஒரே நாட்டுல அஞ்சு உலகம்னு போட்டிருக்குது மச்சான். நம்ம செஞ்சி ஒரு உலகமாம்!" என்று சிரித்தான். தன் நோட்டீஸை மடித்து யாருக்கோ பீடி பற்றவைக்கக் கொடுத்துவிட்டான். என்னுடையது இன்னும் என் செபப்புத்தகத்தில் இருக்கிறது.

இரண்டு வருஷம் நன்றாகப் போயிற்று. தை, மாசியில் சனி ஞாயிறு தோறும் வேன் வரும். குளத்தோரம் கூடாரம் அடிப்பார்கள். காலையில் பாறை. கம்பெனி வழக்கப்படி ஒவ்வொருவருக்கும் இரண்டு கயிறு. ஒன்று இறங்க, இன்னொன்று தனியாக ஒரு மரத்தில் கட்டி இடுப்பில் மாட்ட. முதல் கயிறு போனாலும் இரண்டாவது தாங்கும். அவர்கள் நைலான் கயிற்றை நான் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டேன். எந்த முடிச்சு எங்கே என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் ஜெயராமன் சார் யாரையும் இறக்குவார். தோமினிக் கீழே நின்று பேசுவான். பயந்து அழுகிற பெண்களைச் சிரிக்கவைத்து இறக்கிவிடுவான். மேலே நான், கீழே அவன். கைத்தட்டல் கீழேதான் இருக்கும். அது இயற்கை, அதில் எனக்கு ஒன்றுமில்லை.

எண்பத்து நாலு கார்த்திகையில் ஜெயராமன் சார் மட்டும் தனியாக வந்தார். மணாலிக்கு மேலே கம்பெனி ஒரு முகாம் போடப்போகிறது, ஏப்ரலிலிருந்து ஆறு மாதம் அங்கே இருக்க ஒரு ஆள் வேண்டும், வருஷா வருஷம் அழைப்பு வரும் என்றார். ஒரே ஒரு ஆள். அவர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்கினார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முடிக்கும்போது தோமினிக்கைப் பார்த்தார்.

"செல்வம், கயிறுன்னா நீங்கதான். அதுல சந்தேகமே இல்ல. ஆனா அங்க வர்றவங்ககிட்ட பேசணும். தோமினிக் பேசறாரு" என்றார்.

தோமினிக் உடனே, "சார், எங்க மச்சான் இல்லாம நான் கயித்துல கால் வச்சதில்ல. ரெண்டு பேரையும் கூப்புடுங்க" என்றான். சார் முடியாது என்றார். அப்புறம் வீட்டுக்கு வரும் வழியில் தோமினிக் என் தோளில் கை போட்டு, "மொத வருசம் நான் போறேன் மச்சான். அங்க எல்லாத்தையும் பாத்து வச்சிட்டு, உனக்கு இங்கிலீசு கத்துக் குடுத்து, அடுத்த வருசம் உன்னக் கூட்டிட்டுப் போறேன்" என்றான். சொன்னால் செய்கிறவன். செய்திருப்பான்.

எனக்குப் பொறாமை இருந்ததாக யாராவது சொன்னால் எழுதிக்கொள்ள வேண்டாம். என் கவலை வேறு. லில்லி அப்போது இரண்டு மாதக் கர்ப்பம். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத் தங்கின பிள்ளை. ஆனி மாதம் பிறக்கும் என்று டவுன் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆனியில் அவன் எங்கே இருப்பான்? பனியில். இவள் வலி எடுத்துக் கத்தும்போது பக்கத்தில் யார்? அம்மா இல்லாத பெண்ணுக்குத் தலைப்பிரசவத்தில் புருஷனும் இல்லை என்றால் அவள் மனசு என்ன பாடுபடும் என்று நான் நினைத்தேன். அவள் அண்ணன் நினைக்காமல் யார் நினைப்பது?

லில்லிக்கு அது உறைக்கவில்லை. "போய்ட்டு வரட்டும்ணா, ஆறு மாசந்தானே. ஐஸ்ல நின்னு ஒரு போட்டோ புடிச்சி அனுப்பட்டும், புள்ளைக்குக் காட்டுறேன்" என்றாள். கன்னியர் மடத்தில் பின்னல் கற்றவள். விழுப்புரத்திலிருந்து சிவப்புக் கம்பளி நூல் வரவழைத்து அவனுக்கு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள். நோட்டீஸில் இருந்தவன் சட்டை நிறம் அது. என் நோட்டீஸைத்தான் வாங்கிப் பார்த்து நிறம் தேர்ந்தெடுத்தாள். செஞ்சி வெயிலில் கம்பளி பின்னுகிறாளே என்று தெருவே கேலி செய்தது. "மாடு கன்னுக்கும் ஒண்ணு பின்னு லில்லி, குளுருல நடுங்குது" என்பார்கள். அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு பின்னுவாள். அவனை நிற்கவைத்து முதுகில் அளவு பார்ப்பாள். அவன் வீட்டில் இல்லாத நாளில் என்னை நிற்கவைப்பாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அளவு.

நான் அவளிடம் இரண்டு தடவை பேசிப் பார்த்தேன், ஐயா. போக வேண்டாம் என்று நீ சொன்னால் அவன் கேட்பான் என்றேன். இரண்டாவது தடவை அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "அண்ணா, நீ போவணும்னு ஆசப்பட்டியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

அந்த மாசி ஞாயிற்றுக்கிழமை பதினாறு பேர் வந்திருந்தார்கள். பாங்கில் வேலை செய்கிறவர்கள், இரண்டு குடும்பம். வழக்கமாக முதலில் தோமினிக் இறங்கிக் காட்டுவான், அப்புறம்தான் அவர்கள். அன்றைக்கு ஜெயராமன் சார், "தோமினிக், இனிமே நீங்க கம்பெனி ஆளு. மேல அங்க ரெண்டு கயிறு இல்லாம வுட மாட்டாங்க. இன்னிக்கே பழகிக்குங்க" என்று இரண்டாவது கயிற்றை எடுத்து நீட்டினார்.

"வேணாம் சார். அது எங்க மச்சான் மூஞ்சில துப்புற மாதிரி."

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான், "கட்டிக்கோ மாப்ள. எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன்.

இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கட்டிக்கொள்ளும்படி நான் சொன்னேன். அந்த இடத்திலிருந்த எல்லோரும் கேட்டார்கள். ஆனால் மச்சானே வாயைத் திறந்து அப்படிச் சொன்ன பிறகு எங்கள் ஜனத்தில் எந்த மாப்பிள்ளையும் கட்டமாட்டான், கட்டினால் மச்சான் மேல் சந்தேகம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. அதுவும் எனக்குத் தெரியும். தோமினிக்கின் முகம் வாடிவிட்டது. "இன்னா மச்சான் இப்பிடிச் சொல்லிட்ட" என்று மட்டும் கேட்டான். இரண்டாவது கயிற்றைச் சாரிடமே கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, விளிம்புக்குப் போனான். சார் மற்றவர்களோடு பக்கவாட்டுப் பாதையில் கீழே இறங்கினார். உச்சியில் நான் ஒருவன்தான்.

குருவிப்பாறை உச்சியில் ஆள் உட்காருகிற அளவுக்கு ஒரு குழி இருக்கிறது. முன்னால் குமிழ் மாதிரி ஒரு கல். கயிற்றை அந்தக் குமிழில் இரண்டு சுற்றுச் சுற்றி, முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து, குழியில் காலை உதைத்து உட்கார்ந்துவிட்டால் ஒரு எருமையைக்கூட இறக்கலாம். பாறை மூன்று பனை உயரம். ஒரு பனை இறங்கியதும், குழியிலிருந்தே தெரிகிற மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு ஒரு திட்டு உண்டு. தோமினிக் அதில் நின்று கீழே இருப்பவர்களுக்கு இங்கிலீஷில் விளக்கம் சொல்வான். அவன் பாரம் திட்டின் மேல் போனதும் என் கையில் கயிறு தளர்ந்துவிடும்.

அன்றும் நின்று பேசினான். என்னைக் காட்டி ஏதோ சொன்னான் போலிருக்கிறது, 'மச்சான்' என்ற வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. கீழே எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கா அவனுக்கா தெரியவில்லை. எதிரே ராஜகிரி நல்ல வெயிலில் நின்றது. நான் குமிழிலிருந்து கயிற்றின் ஒரு சுற்றை எடுத்தேன். பிறகு இன்னொன்றையும் எடுத்தேன். அவசரப்படவில்லை. அப்போதுகூட ஒன்றும் ஆகிவிடவில்லை, திரும்பச் சுற்றிவிட நேரம் இருந்தது.

"எறக்கு மச்சான்" என்று குரல் கொடுத்தான்.

கம்பெனி வாடிக்கைக்காரர்கள் கயிற்றில் சாய்வதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் மேலே பார்ப்பார்கள், ஐயா. குழந்தை அம்மாவைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. தோமினிக் அந்தப் பழக்கமே இல்லாதவன். அன்றைக்கும் மேலே பார்க்காமல், கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே, முழு உடம்பையும் பின்னால் சாய்த்தான்.

நான் கையைத் திறந்தேன்.

அப்புறம் மூடினேன். அதைத்தான் எனக்கே விளங்கிக்கொள்ள முடியவில்லை. கயிறு ஓட ஆரம்பித்ததும் என் கை தானாக மூடிப் பிடித்தது. நைலான் இரண்டு உள்ளங்கையையும் எலும்பு தெரிகிற அளவுக்கு அறுத்துக்கொண்டு போயிற்று. அவனைக் காப்பாற்றப் பிடித்தேனா, பிடித்ததாக இருக்கட்டும் என்று பிடித்தேனா என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். நல்லதாகவே நினைத்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன். நுனி என் மடியைத் தாண்டி விளிம்பில் மறைந்தது. சத்தம் ஒன்று கேட்டது. அதை நான் சொல்லத் தேவையில்லை.

விசாரணையில் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. "கயிறு கைய வுட்டுப் போயிட்டுது" என்றேன். அது உண்மைதானே? நைலான் வழுக்கும், நார்க் கயிறு என்றால் இப்படி ஆகியிருக்காது என்று ஊரே பேசி முடிவு செய்துகொண்டது. நான் மறுக்கவில்லை. என் கையைப் பார்த்தவர்கள் எல்லோரும் அழுதார்கள்.

லில்லியும் அழுதாள். பெட்டியை மூடுவதற்கு முன்னால் என்னிடம் வந்து, கட்டுப் போட்ட இரண்டு கையையும் மெல்ல எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உன் மேல ஒண்ணுமில்லண்ணா. உன்னால முடிஞ்சத நீ புடிச்ச" என்றாள். நாற்பது நாள் என்னால் சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியவில்லை. அவள்தான் ஊட்டினாள். வயிற்றில் பிள்ளையோடு, தாலி இல்லாத கழுத்தோடு, என் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு உருண்டையாக வாயில் வைத்தாள். நான் சாப்பிட்டேன். அந்தச் சோறு எனக்கு இறங்கியது. துக்கத்தில் நான் மெலிந்துவிட்டேன் என்று ஊரில் சொன்னார்கள், ஆனால் இறங்கியது. தண்ணீர் கொடுங்கள், கொஞ்சம்.

சாமியாரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். கோயில் கண்ட ஊரிலெல்லாம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபப்பட்டது, பூசைக்குப் போகாதது எல்லாம் சொன்னேன். இதைச் சொன்னால் அவர் மன்னித்துவிடுவார் என்று பயமாக இருந்தது.

நேற்று வந்தவர் பால்சாமி. பக்கத்து ஊர், மனைவியை இழந்தவர், எங்களைப்போலக் கல் வேலை. லில்லியைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். குழந்தையையும் தன் பிள்ளையாக வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். நல்ல மனுஷர். அவருக்குப் பாண்டிச்சேரிக்கு அந்தப் பக்கம் எந்த ஊரும் தெரியாது, போகும் ஆசையும் கிடையாது. அவருடைய கயிற்றை நான் பத்திரமாகப் பிடித்திருப்பேன். அதில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை.

அவர் வெற்றிலைத் தட்டையும் கயிற்றையும் நீட்டும்போது கொஞ்சம் தயங்கினார். இருக்காதா பின்னே, ஒருவன் விழுந்த கதை தெரியும். லில்லி அதைக் கவனித்துவிட்டாள். சபை நடுவில் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையை அவருக்குக் காட்டினாள். "பாருங்க. பொசுங்கியும் வுடாத கை இது. எங்கண்ணன் புடிச்சா எனக்கு பயமே இல்ல" என்றாள். அவர் கண் கலங்கிக் கயிற்றை வைத்தார். நான் இரண்டு கையாலும் வாங்கினேன்.

பிறகு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். குழந்தை என் பக்கத்தில் வந்து அந்தத் தழும்பை விரலால் தடவிப் பார்த்து, "வலிக்குதா?" என்று கேட்டது. மூன்று வயது ஆகப்போகிறது. என்னை அது பார்த்தது இந்த மாதம்தான் முதல் தடவை. எனக்கு அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை.

ஏன் முதல் தடவை என்றுதானே பார்க்கிறீர்கள். நான் ஊரில் இல்லை. மணாலியில் இருந்தேன், அங்கே வேலை இல்லாத மாதங்களிலும் கம்பெனியின் மற்ற முகாம்களுக்கே போய்விட்டேன், ஊருக்கு வரவில்லை. ஆனி மாதம் குழந்தை பிறந்த செய்தி எனக்குக் கடிதத்தில்தான் வந்தது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், முகாமில் இருந்த தமிழர் ஒருவர் படித்துச் சொன்னார். லில்லிக்கு இரண்டு நாள் வலியாம். பக்கத்து வீட்டு அம்மாள் துணைக்கு இருந்தார்களாம்.

ஜெயராமன் சார் கூப்பிட்டார், போனேன். அந்தக் குடும்பத்துக்கு ஒரு வேலையாவது போய்ச் சேரட்டும் என்று அவர் நினைத்திருப்பார். இல்லை, ஏட்டையா, அதை அடித்துவிடுங்கள். எல்லாம் சொல்ல வந்துவிட்டு இதை மட்டும் மாற்றிச் சொல்வானேன். அவர் கூப்பிடவில்லை. நான்தான் கேட்டேன். குழிக்கு மண் போட்டுவிட்டுக் கல்லறைத் தோட்டத்தை விட்டு வெளியே வரும்போது, கையில் கட்டோடு, "ஏப்ரல்ல யாரு சார் போவாங்க?" என்று கேட்டேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பேச்சு வரவில்லை என்றாலும் பரவாயில்லை என்றார்.

இதெல்லாம் லில்லிக்காகத்தான் செய்தாயா என்று இன்னொரு தடவை கேட்கிறீர்கள். லில்லிக்காகத்தான். வேறு யாருக்காக? போகிற அன்றைக்கு அவளே ஸ்வெட்டரைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு கை மட்டும் முடியாமல் இருந்ததாம், உட்கார்ந்து முடித்திருக்கிறாள். "நீ போட்டுக்கோண்ணா. வீணாப் போவக் கூடாது" என்றாள். இந்த மஞ்சள் பையில் இருப்பது அதுதான். முழங்கையில் கொஞ்சம் பிரிந்திருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறது. அவளிடம் சேர்த்துவிடுங்கள்.

எனக்கு அது கச்சிதமாக இருந்தது. ரோத்தாங் கணவாய்க்கு முதல் தடவை ஏறின அன்று விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது, நல்ல வெளிச்சம். நோட்டீஸில் வெள்ளையாகத்தான் போட்டிருப்பார்கள், ஐயா, ஆனால் பனி வெள்ளை இல்லை. நிழல் விழுகிற இடத்தில் நீலம், வெயில் படுகிற இடத்தில் பார்க்கவே முடியாது, கண் கூசும். கால் வைத்தால் புது உப்பு மாதிரி நொறுங்கும். நான் சிவப்பு ஸ்வெட்டரோடு அங்கே நின்று, யாரும் சொல்லாமலே, இரண்டு கையையும் மேலே தூக்கினேன். கூட வந்தவர் போட்டோ எடுத்தார். அப்படி ஒரு சந்தோஷம் என் ஆயுசில் அதற்கு முன்னால் எனக்குக் கிடைத்ததில்லை.

பாவம், தோமினிக். அவனுக்குக் கொடுத்து வைக்கவில்லை.